நிகர பூஜ்ஜியம்: எதை முதலில், எதைக் கடைசியில்

நிகர பூஜ்ஜியம் என்றால், காற்றில் விடும் பசுமைக்குடில் வாயுவும் காற்றிலிருந்து திரும்ப எடுப்பதும் சமமாவது. எரிசக்திக்காக உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. இதைப் பெருமளவு குறைக்கத் தேவையான கருவிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. கோட்டை விடுவது வரிசையில்தான்.

கசிவை அடைப்பதில் தொடங்குங்கள். எரிவாயுக் குழாயின் வால்வு, கம்ப்ரஸர் சீல் வழியாகத் தப்பும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றக்கூடியது. அகச்சிவப்புக் கேமராவில் கசிவு புகைபோலத் தெரியும். கண்டுபிடித்து இறுக்கும் செலவும் குறைவு.

அடுத்தது மின்சாரம். 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மும்மடங்காக்க 2023 துபாய் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் நிறுவுதிறனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1,000 மெகாவாட் சோலார், 20 சதவீதத் திறன் காரணியில் (முழுத் திறனில் ஆண்டு முழுக்க ஓடினால் கிடைப்பதில் நிஜமாகக் கிடைக்கும் பங்கு), ஆண்டுக்கு 175 கோடி யூனிட் தரும். அதே அளவு அணு உலை 90 சதவீதத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 790 கோடி.

சோலார் பண்ணை ஓரிரு ஆண்டில் எழும்பிவிடும். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் உயர் அழுத்தப் பாதைக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பாதை வேலையை முதலில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பலகைகள் வெயிலில் சும்மா கிடக்கும். நான்கு மணி நேர பேட்டரி மாலை உச்சத்தைச் சமாளிக்கும். காற்றும் வெயிலும் மங்கிய வாரத்துக்கு அது போதாது. அங்கே நீர்மின், நீரேற்று நிலையம் (மிகை மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது), அணுமின் வேண்டும். நிலக்கரி நிலையங்களை மூடும்போது தம் சுழற்சி வேகத்தால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை நிலையாக வைத்திருந்த கனமான ரோட்டார்களும் போய்விடுகின்றன. பிறகு ஒரு நிலையம் பழுதானாலே அதிர்வெண் சட்டென்று சரியும். அந்த இடத்தில் ஒத்தியங்கு கண்டென்சர்களையோ (எரிபொருள் இல்லாமல் சுழன்று அதே வேலையைச் செய்யும் இயந்திரங்கள்), மின்கட்டமைப்பைத் தானே தாங்கும் இன்வெர்ட்டர்களையோ முன்கூட்டியே வையுங்கள்.

மின்சாரம் சுத்தமாகும்வரை காத்திராமல், வாகனங்களையும் சூடாக்கும் வேலைகளையும் அதற்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். இன்று உலகின் இறுதி நுகர்வில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான்.

ஹைட்ரஜனைத்தான் பலரும் தப்பான இடத்தில் செலவழிக்கிறார்கள். 100 யூனிட் மின்சாரத்தை, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்புக்குக் கொடுத்தால் சுமார் 300 யூனிட் வெப்பம் கிடைக்கும். அதே மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கி பாய்லரில் எரித்தால் 60ஐத் தாண்டுவதே கஷ்டம். வீட்டைச் சூடாக்க அது வேண்டவே வேண்டாம். உரத்துக்கும் எஃகுக்கும் ஒதுக்குங்கள். ஒரு டன் எஃகுக்கான தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க 55 கிலோ ஹைட்ரஜன். கிலோவுக்கு 52 யூனிட் என்றால் ஏறக்குறைய 2,900 யூனிட். இதையும் சேர்த்துத்தான் மின்திட்டத்தின் அளவைப் போட வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது சிமென்ட் போன்றவை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், அடுப்பில் எதை எரித்தாலும், கல்லிலிருந்தே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் சிமென்டின் மூலப்பொருள்) குறைத்துக் கலவை சிமென்டுக்கு மாறுங்கள். மீதியை உலைவாயிலேயே பிடித்து நிலத்தடியில் புதைக்க வேண்டும். அதற்கு ஈடாக மரம் நட்டுக் கணக்கை நேர் செய்தால், ஒரு காட்டுத்தீயில் அத்தனையும் காற்றுக்கே திரும்பிவிடும்.