பழைய இரண்டு கதவு காருக்குப் புது இன்ஜினா? கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பழைய காரின் வயது தெரிந்துவிடும். பின்னால் வரும் லாரிகூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகிறது. அப்போதுதான் "இன்ஜினையே மாற்றிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தில் தப்பே இல்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் இறங்கியதால், ஓடிக்கொண்டிருந்த நல்ல கார்கள் ஷெட்டில் பாதி பிரித்த நிலையில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. அது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 1960களில் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல், தனி சேசிஸ் (அடிச்சட்டம்), முன்பக்கம் முழுதாகத் தூக்கித் திறக்கும் பானட், 948 சி.சி. இன்ஜின். புதிதாக இருந்தபோதே நாற்பது குதிரைத்திறனைத் தொடாத வண்டி. வேறு பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் தவறு, களைத்துப்போன இன்ஜினை வைத்து "இந்த காருக்கு இழுவை போதாது" என்று தீர்ப்பு எழுதுவது. அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி இன்று கொடுப்பது அதன் அசல் இழுவை இல்லை. முதலில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, சோதித்துப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் அளவு குறைவாக வந்தால், பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. அப்புறம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருவேறி இறுகிவிட்டால், வேகம் கூடும்போது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னேறாது. வண்டி மந்தமாகத்தான் ஓடும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை (காற்றுக் கதவு) முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது முக்கால்வாசிதான் திறக்கும்! கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் டிரம் உரசிக்கொண்டே ஓடுகிறதா என்பதும் இதே பட்டியலில் சேரும். இத்தனையையும் சரிசெய்ய ஆகும் செலவு, இன்னொரு இன்ஜினைப் பொருத்தும் செலவில் சிறு பங்குதான்.

இன்றைய பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் அது அரித்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டின் பழைய அளவுக்கு அந்தக் கலவை மெலிந்துபோவதால் இன்ஜின் சூடாகும், இழுவையும் குறையும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்கினாலே வித்தியாசம் தெரியும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றது. வால்வ் உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். எனவே ஹெட்டைக் கழற்றும் நேரத்தில் கடினப்படுத்திய வால்வ் சீட் போட்டுவிடுவது நல்லது.

அடுத்த தவறு கியர் விகிதத்தின் குறையை இன்ஜினின் குறையாக நினைப்பது. நெடுஞ்சாலையில் இன்ஜின் கதறுவதைக் கேட்டு, அதற்கு சக்தி இல்லை என்று முடிவு கட்டுகிறோம். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். பிரிட்டனில் விற்ற 948 சி.சி. சலூன் ரக ஹெரால்டில் அதன் விகிதம் 4.875, அடுத்து வந்த 1147 சி.சி. ஹெரால்டில் 4.11. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் முதலாவதின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,700 சுற்றும், இரண்டாவதின் இன்ஜின் சுமார் 3,100 சுற்றும் சுழலும். டாப் கியரில் 600 சுற்று குறைந்தால் காதுக்கும் இன்ஜினுக்கும் எவ்வளவு நிம்மதி என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கியரை அடிக்கடி கீழே இறக்க வேண்டிவரும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஆம்பூர், வாணியம்பாடி என்று சமதளத்தில்தான் என்றால் டிஃபரன்ஷியலை மாற்றுவதே என் முதல் சிபாரிசு. மலைக்கு அடிக்கடி போகிறவர் ஐந்து கியர் பெட்டியை யோசிக்கலாம்.

சரி, இதற்கு மேலும் சக்தி வேண்டும் என்றால்? ஸ்டாண்டர்ட்-டிரையம்பின் இந்த இன்ஜின் குடும்பம் 803 சி.சி.யில் தொடங்கி 948, 1147, 1296 என்று 1493 சி.சி. வரை வளர்ந்தது. ஒரே குடும்பம் என்பதால் பெரிய அண்ணனைப் பொருத்துவது வேற்று இன்ஜினைத் திணிப்பதைவிட எளிது. ஸ்பிட்ஃபயரில் இதே 1147 சி.சி. இன்ஜின் இரட்டை கார்புரேட்டரோடு 63 குதிரைத்திறன் கொடுத்தது. பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் கடைசியில் ஓடும் வண்டியாக முடிகிற வழி இது.

ஹெட்டை அதிகமாகச் சீவி கம்ப்ரஷனை ஏற்றுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. கத்தரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், சாதாரண பெட்ரோலில் இன்ஜின் தட்டத் தொடங்கிவிடும். டர்போ பற்றியும் கேட்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டை மூன்றே மூன்று மெயின் பேரிங் தாங்கும் பழைய இன்ஜின் இது. வேண்டாம். சத்தமான சைலன்சரால் கூடுவது சத்தம் மட்டுமே.

இப்போது இன்ஜின் மாற்றத்துக்கு வருவோம். இதில் பெரிய தவறு, இன்ஜினின் விலையை மட்டும் செலவாக எண்ணுவது. பழைய வாகன பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு செகண்ட் ஹேண்ட் இன்ஜினைப் பேரம் பேசி வாங்குவது வேலையின் தொடக்கம் மட்டுமே. கார்களில் வரும் பெரும்பாலான புது இன்ஜின்கள் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுழற்றுபவை. பின்சக்கர ஓட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் பலரும் நெடுவாக்கில் இருக்கும் ஆம்னி, ஈகோ, ஜிப்சி இன்ஜின்களைத் தேடுகிறார்கள். அங்கும் ஆம்னி இன்ஜின் சீட்டுக்கு அடியில் உட்கார வடிவமைத்தது. சம்ப், மேனிஃபோல்ட், மவுண்ட் எல்லாவற்றுக்கும் வழி பண்ண வேண்டும். அதன் 796 சி.சி. இன்ஜின் கொடுப்பதும் ஹெரால்டின் அசல் சக்திக்குப் பக்கத்தில்தான்; அத்தனை பாடுபட்டுச் சமமாக நிற்பதில் என்ன லாபம்? இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), முழு வயரிங், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப் எல்லாம் வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள ரகமாக இருந்தால் அதே ஈசியுவோடு சேர்ந்த சாவியும் கையில் வர வேண்டும். சாவி இல்லாத இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்வது, ரேடியேட்டர், ஸ்பீடோ கேபிள் என்று லேத் பட்டறைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். டீசல் இன்ஜின் வைத்தால் முன்பக்கம் கனத்து, அதன் முறுக்குவிசை டிஃபரன்ஷியலில் இருக்கும் பழைய கிரௌன் பினியன் பல்சக்கரங்களைத் தின்றுவிடும்.

நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் ஓடுவதைப் பற்றி மட்டும் யோசிப்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்தும் தவறு. 70 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ.க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கு. ஹெரால்டில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே ஹைட்ராலிக் சுற்று; ஓர் இடத்தில் குழாய் விட்டுப்போனால் பெடல் மொத்தமாகப் போய்விடும். பின்சக்கரத்தின் ஸ்விங் ஆக்ஸில் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு), வளைவில் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கி வண்டியைத் தூக்கும். டிரையம்ப் நிறுவனமே 1962-ல் இந்த உடலில் 1596 சி.சி. ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து வைட்டெஸ் என்று விற்றபோது, சேசிஸைப் பலப்படுத்தி, முன்னால் டிஸ்க் பிரேக் போட்டது. வடிவமைத்தவர்களே செய்ததை நாம் தவிர்க்கக் கூடாது. முன் டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், நல்ல டயர் ஆகிய மூன்றையும் சக்தி கூட்டும் முன்பே முடித்துவிடுங்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புக் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இன்ஜின் நம்பர் பொருந்தாவிட்டால் பதிவைப் புதுப்பிக்கும் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். எனவே எந்த இன்ஜின், எந்த நம்பர் என்று எழுதிக் கொடுத்து, வேலூரோ ராணிப்பேட்டையோ உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பதில் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுக்கு மேலாகி, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டு செல்லும் தனிப் பதிவு கிடைக்கும். தினசரி ஓட்டத்துக்கு அது உதவாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான். சேசிஸிலோ, உடலிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி போய்விடும். 1960களின் ஹெரால்டுகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

இவ்வளவுக்கும் பிறகு அனுமதி பெற்று மாற்றுவதென்று முடிவெடுத்தால், அசல் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். சிலிண்டர்களில் ஆயில் விட்டு, துவாரங்களை அடைத்து, கழற்றிய மவுண்ட், போல்ட், கார்புரேட்டரோடு ஒரே பெட்டியில் வைத்துவிடுங்கள். சேசிஸை வெட்டாமல் போல்ட்டில் பொருந்தும் மவுண்ட்டையே செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் நாளை நீங்களோ, வாங்குபவரோ காரைப் பழையபடி திருப்ப முடியும்.