ஃபைபர் படகில் துணை அவுட்போர்டு மோட்டார் பொருத்தும் முறை

காசிமேட்டிலிருந்தோ எண்ணூர்க் குப்பங்களிலிருந்தோ ஒரே இன்ஜினை நம்பிச் செல்லும் ஃபைபர் படகு, கப்பல்கள் வந்துபோகும் தடத்திலோ அலை உடையும் முகத்துவாரத்திலோ நின்றுவிட்டால், ஆளையும் வலையையும் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் துணை மோட்டார் (அவுட்போர்டு) அந்த நேரத்திற்கானது. ஆகவே வேகத்தைப் பார்த்து அதை வாங்க வேண்டாம். வலை, ஐஸ், மீன், ஆட்கள் எல்லாம் ஏறிய படகின் மொத்த எடையில் டன்னுக்கு ஏறத்தாழ 4 குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் போதும். புரொப்பல்லர் பிட்ச் (விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்ததாக இருந்தால் பாரப் படகை நன்றாகத் தள்ளும்.

குதிரைத்திறனைவிட ஷாஃப்டின் (மோட்டாரிலிருந்து புரொப்பல்லர் வரை இறங்கும் தண்டின்) நீளமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் பொதுவாக 15, 20, 25 அங்குல அளவுகள் உண்டு. மோட்டாரை மாட்டும் இடத்தின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிப்பாகம் வரை செங்குத்தாக அளந்த பிறகே வாங்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்திற்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ அமைய வேண்டும். ஆனால் அமரத்தின் (படகின் பின்முனையின்) நடுவில் முதன்மை இன்ஜின் இருப்பதால் துணை மோட்டார் ஓரத்திற்குத்தான் போகும். படகு மறுபக்கம் சாயும்போது ஓரத்திலுள்ள புரொப்பல்லர் நீரைவிட்டு எழும்பிக் காற்றை இழுத்து, தள்ளும் சக்தியை இழந்துவிடும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது அடிக்கடி நேரும் என்பதால், ஒரு படி நீளமான ஷாஃப்டையும் ஏற்றி இறக்கக்கூடிய பிராக்கெட்டையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

துளையிடுவதற்கு முன், இரண்டு இன்ஜின்களையும் இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஒன்றையொன்று தொடாமல் இருப்பதையும், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கக் கைக்கு இடமிருப்பதையும் பாருங்கள். பின்பலகைக்குள் மரம் இருந்தால், துளை வழியே உப்புநீர் இறங்கி அதை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும். துளையின் உட்சுவரில் எபாக்சி ரெசின் பூசிக் காயவிட்ட பின், கடல் பயன்பாட்டிற்கான சீலன்ட் தடவி, 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை ஊடுருவப் போட்டு, உட்புறம் அகலமான தகடு வைத்து முடுக்க வேண்டும். கிளாம்ப் திருகுகள் அதிர்வில் தளரக்கூடும்; மோட்டாரைப் படகோடு சங்கிலியாலும் பிணைத்து வையுங்கள்.

எரிபொருள் டாங்கும் குழாயும் தனியாக இருக்கட்டும். முதன்மை இன்ஜினை நிறுத்திய எரிபொருள் கோளாறு துணை மோட்டாருக்கும் போய்ச் சேரக்கூடாது. வெள்ளோட்டத்தை முழுப் பாரத்துடன், முதன்மை இன்ஜினை நிறுத்திவிட்டு, துறைமுகத்திற்குள் நடத்துங்கள். குளிர்விக்கும் நீர் தாரையாக வெளியே பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓடவிடுவதும், பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதும் அவசியம்.