டெல்டாவுக்குக் குடிவருபவர்களுக்கு: வெந்நீர் விஷயம்

லண்டனிலோ டொராண்டோவிலோ வளர்ந்துவிட்டு கும்பகோணம், மாயவரம் பக்கம் வீடு பிடிப்பவர்கள் சுவரில் மாட்டிய பாய்லரைத் தேடுகிறார்கள். இங்கே பாய்லர் என்றால் கொல்லைப்புறத்துச் செம்புப் பாத்திரம். நடுக்குழாயில் கொட்டாங்கச்சி கனலும். சுற்றியுள்ள நீர் சுடும். புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், சுடுநீரை மூக்கு வழியே வெளியே தள்ளும். வாங்கிய வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, டெல்டாவில் பல ஊர்கள் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன.

அன்றாடத்துக்குக் கீசர்தான். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் சூடு 14 டிகிரிதான் ஏறும். அங்கத்திய 8 டிகிரித் தண்ணீருக்கு அது எந்த மூலைக்கு? நம் 24 டிகிரித் தண்ணீர் 38 ஆகிவிடும், குளிக்கப் போதும். ஆனால் வாளி நிரம்ப 5 நிமிடம் நிற்க வேண்டும். ஷவர்தான் வேண்டுமென்றால் 15 லிட்டர் டேங்க் வைத்தது வாங்குங்கள். உள்ளே இருக்கும் 2 கிலோவாட் காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) சுமார் 20 நிமிடத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுவந்து தானே அணையும். பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். எதுவானாலும் எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பழைய வீட்டுச் சின்ன பிளக்கில் செருகினால் பிளக் உருகும்.

சோலாருக்கு நம் வெயில் தாராளம். சூடான நீர் லேசாகித் தானே மேலேறுவதால் மோட்டார்கூட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கைவிரிக்கும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். வாளியில் போடும் ராடு மலிவு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. கடினநீர் என்றால் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து காயிலில் ஓடாகப் படியும். சூடு நீருக்குப் போகாமல் காயிலே வெந்து போகும். டேங்க் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மெக்னீசியத் தண்டு இருக்கும், டேங்குக்குப் பதில் அது அரிபடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். பக்கெட் ஓரத்து வெள்ளைக் கறையையும்.