பிராந்தியைத் திட்டாதீர்கள், ஐஸைப் பாருங்கள்: வீட்டுக் கொக்டெய்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சினன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கிய கொன்யாக் என்ற பிரெஞ்சுப் பிராந்திப் போத்தல் மேசையில் இருக்கிறது. நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கலக்கிய சைட்கார் என்ற பிராந்திக் கொக்டெய்லை ஒரு மிடறு குடித்துவிட்டு நண்பன் கேட்டான்: "மச்சான், இது கொக்டெய்லா, இல்லாட்டி கோபம் வந்த தேசிக்காய்த் தண்ணியா?"

எனக்கு உடனே போத்தல் மேல்தான் சந்தேகம். மச்சினனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு பல சனிக்கிழமைகள் கெட்டுப்போன பின்தான் புரிந்தது, பிராந்தியில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கொக்டெய்ல் செய்முறைகளெல்லாம் பாரிஸ், லண்டன், நியூ ஓர்லியன்ஸ் போன்ற ஊர்களின் பார்களில் பிறந்தவை. நாம் கலக்குவதோ முப்பது பாகை வெக்கையில், மின்விசிறிக்குக் கீழே. வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஐஸ். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 பாகை அளவில் இருக்கும். தட்டிலிருந்து கட்டிகளைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, தேசிக்காய் வெட்டி, வடியைத் தேடி, இடையில் வட்ஸ்அப்பும் பார்த்துவிட்டு வரப் பத்து நிமிடம் போய்விடும். அதற்குள் கட்டிகள் மேல் தண்ணீர் பளபளக்கும். அந்தத் தண்ணீர் எதையும் பெரிதாகக் குளிரவைக்காது, நேரே கிளாசுக்குள்தான் போகும். ஆகவே எல்லாவற்றையும் அளந்து ஊற்றி முடித்த பிறகே ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். கிளாசையும் அதற்குள் ஒரு பத்து நிமிடம் வைத்தால் நல்லது. குசினி அலுமாரியில் இருந்து எடுத்த கிளாஸ் நம் ஊரில் இளஞ்சூடாகவே இருக்கும்.

"தண்ணியாகிவிடும்" என்று பயந்து இரண்டே கட்டி போடுவது இதைவிட மோசம். கொஞ்ச ஐஸ் குளிரவைக்கப் போராடி முழுவதும் உருகிவிடும். நிறைய ஐஸ் இருந்தால் பானம் சீக்கிரம் குளிர்ந்து, உருகுவதும் அடங்கும். ஷேக்கரை முக்கால்வாசிக்கு மேல் நிரப்புங்கள். ஷேக்கர் இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள ஹோர்லிக்ஸ் போத்தல் போதும், நான் ஒரு வருடம் அதில்தான் குலுக்கினேன். பன்னிரண்டு, பதினைந்து விநாடி பலமாகக் குலுக்கினால் சரி. அப்படிக் குலுக்கிய கொக்டெய்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐஸ் உருகிய தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீர் வேண்டும், அது இல்லாவிட்டால் பிராந்தி தொண்டையைச் சுடும்.

அப்புறம் வாசம். ஃப்ரீசரில் பக்கத்துத் தட்டில் பாரை மீன், அதற்குக் கீழே போன வாரத்து இறைச்சிக் கறி. திறந்த தட்டில் இரண்டு வாரம் கிடந்த ஐஸ் அந்த வாசத்தையெல்லாம் வாங்கி வைத்திருக்கும். மூடியுள்ள சின்னப் பெட்டியில் தண்ணீர் உறையவைத்து, துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பெரிய துண்டுகள் மெதுவாகத்தான் உருகும்.

அடுத்தது தேசிக்காய். என் முதல் சைட்காரைக் கெடுத்ததும் இதுதான். சைட்கார் முதலாம் உலகப் போரையொட்டிப் பிறந்தது. பாரிஸா லண்டனா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. இன்று உலகமெங்கும் பரவலாகப் பின்பற்றும் அளவு: கொன்யாக் 50 மில்லி, தோடம்பழ லிக்கர் (இனிப்பு மது) 20 மில்லி, லெமன் சாறு 20 மில்லி. லெமன் என்பது அந்த மஞ்சள் பழம். நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பது பச்சைத் தேசிக்காய், அதன் புளிப்பு வேறு. லெமனில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம்தான். தேசிக்காயில் அதோடு மாலிக் அமிலமும் கணிசமாக இருப்பதால் நாக்கைக் கூடுதலாகக் கடிக்கும். 20 மில்லியை அப்படியே தேசிக்காயில் ஊற்றினால் என் நண்பன் சொன்னதுதான் நடக்கும். 15 மில்லியில் தொடங்குங்கள், அதாவது ஒரு மேசைக்கரண்டி. ருசி பார்த்துவிட்டு ஓரிரு துளி கூட்டலாம். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் லெமன் கண்ணில் பட்டால், சைட்காருக்கு மட்டும் அந்தக் காசைச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

பிழியும்போது தோல் நசுங்கிக் கசக்கும்வரை முறுக்க வேண்டாம். காலையில் பிழிந்து இரவுக்கு வைக்கவும் வேண்டாம். போத்தலில் வரும் லைம் கோர்டியல் சீனிப்பாணி. அதைச் சாறென்று நினைத்து ஊற்றுபவர்களை நான் மன்னிப்பதில்லை. தோடம்பழ லிக்கருக்குப் பதிலாக ஸ்குவாஷ் ஊற்றுவதும் அதே இனம்.

அளவு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பெருமை உண்டு, "கண்ணாலேயே அளப்பேன்" என்று. அரக்கில் சோடா ஊற்றும்போது அது பலிக்கும். மூன்றே பொருள் உள்ள கொக்டெய்லில் 5 மில்லி கூடினாலே சமநிலை போய்விடும். அளவுக் கிண்ணம் இல்லாவிட்டால் இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியை நன்றாகக் கழுவி எடுங்கள், அதில் கோடு போட்டே இருக்கும்.

எதைக் குலுக்குவது, எதைக் கிளறுவது? சாறு, கிரீம், முட்டை வெள்ளைக்கரு இருந்தால் குலுக்குங்கள். முழுக்க மதுவாகவே இருந்தால், உதாரணமாகப் பிராந்தியும் இனிப்பு வெர்மூத்தும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரமும் சேரும் ஹார்வர்ட் கொக்டெய்ல், நீளக் கரண்டியால் அரை நிமிடம் கிளறினால் போதும். குலுக்கினால் கலங்கிப் போகும். இங்கே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. வெர்மூத் வைன் வகை. திறந்த போத்தலை அரக்குக்குப் பக்கத்தில் அலுமாரியில் வைத்தால், கொழும்பு வெக்கைக்குச் சீக்கிரமே காடியின் சாயல் வந்துவிடும். இடம் குளிர்சாதனப் பெட்டிதான்.

எந்தப் பிராந்தி? லேபிளில் எக்ஸ்.ஓ. என்று வயதுக் குறி போட்ட கொன்யாக் போத்தலைத் தொடாதீர்கள். அதில் கலக்கும் கொன்யாக்குகளில் மிக இளையதே 10 வருடம் மரப்பீப்பாயில் இருந்தது. அதன் மேல் தேசிக்காய் பிழிவது பாவம். வி.எஸ். (குறைந்தது 2 வருடம்) அல்லது வி.எஸ்.ஓ.பி. (குறைந்தது 4 வருடம்) போதும். மலிவுப் பக்கம் போனால் லேபிளை வாசியுங்கள். பிராந்தி திராட்சையில் வடிப்பது என்றாலும், இந்தியப் பிராந்திகள் பலவற்றில் கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகில் வடித்த மதுசாரமே பெரும்பங்கு. கோலாவோடு அது ஓடும், சைட்காரில் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளாஸ் விளிம்பில் சீனி பூசுபவர்கள் விளிம்பு முழுவதையும் தோய்க்கிறார்கள். உள்ளே ஒட்டிய சீனி பானத்தில் விழுந்து தித்திக்கும். நம் ஈரக்காற்றில் வெளியே இருப்பதும் கசிந்து விரலில் பிசுபிசுக்கும். வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி வட்டம், ஊற்றுவதற்குச் சற்று முன்.

பிராந்தி அலெக்சாண்டர் சுலபம்: கொன்யாக், கொக்கோ லிக்கர், கிரீம், ஒவ்வொன்றும் 30 மில்லி. கிரீமுக்குப் பதில் டின் பால் ஊற்றிப் பார்த்திருக்கிறேன், வட்டிலப்பத்தில் யாரோ பிராந்தியைக் கொட்டியது போல இருந்தது. மேலே தூவச் சாதிக்காயைத் தூளாக வாங்காதீர்கள். கண்டிப் பக்கத்து முழுக்காயை அந்த இடத்திலேயே சீவினால் கிளாஸ் வாய்க்கு வருமுன் வாசம் வந்துவிடும்.

குளிரும் இனிப்பும் சேர்ந்தால் வீரியம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சைட்காரில், லிக்கரும் 40 சதவீதமானால், சுத்த மதுசாரம் 28 மில்லி. ஏறத்தாழ இரண்டு சின்ன பியர் கேன்களுக்குச் சமம். தேசிக்காய்த் தண்ணி வேகத்தில் மூன்று குடித்தவரை லிஃப்டுக்குள் தாங்கிப் பிடித்த அனுபவம் எனக்குண்டு.

கடைசித் தவறு கலண்டர் பார்க்காதது. போன மாதம் நண்பர்களை அழைத்துவிட்டு, பிராந்தி முடிந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போயா தினம், பௌர்ணமி விடுமுறை. வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் பூட்டு. செய்ய நினைத்தது ஹோர்ஸஸ் நெக்: ஐஸ், பிராந்தி 40 மில்லி, ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடா 120 மில்லி, கிளாசுக்குள் சுருளாகத் தொங்கும் நீளமான லெமன் தோல். ஜிஞ்சர் ஏலுக்குப் பதில் நான் எப்போதும் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர்தான் ஊற்றுவேன்; பெயரில்தான் பியர், அது மதுவில்லாத சோடா. அன்றைக்கு அது மட்டும் இருந்தது. நல்லவேளை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் அந்தப் பானம் தொடங்கியபோது அதில் மதுவே இல்லை; பிராந்தி பிறகு வந்து சேர்ந்ததுதான். ஐஸை மட்டும் சரியாகப் போட்டு, தோலைச் சுருட்டி இறக்கி, "இதுதான் ஒரிஜினல்" என்று நீட்டினேன். நண்பன் கிளாசைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தேசிக்காய்த் தண்ணியைவிடப் பரவாயில்லை" என்றான்.