பால் சைமன் தனியாகப் போட்ட ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது?

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பால் சைமனை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் 'கிரேஸ்லேண்ட்' என்பார்கள். அருமையான ஆல்பம்தான். ஆனால் நேராக அங்கே போய் இறங்கினால் 44 வயதில் அவருக்கு அப்படி ஒரு ஆல்பம் ஏன் தேவைப்பட்டது என்பது தெரியாமலே போய்விடும். நானும் முதலில் ஹிட் பாடல்களை மட்டும் ஒரு பட்டியலாகப் போட்டு முன்னும் பின்னுமாகக் கேட்டேன், பாட்டெல்லாம் பிடித்தது, ஆள் பிடிபடவில்லை. அப்புறம் வருட வரிசைப்படி ஒரு பத்து நாள் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

முதல் நாள் ஒரே ஒரு பாட்டு போதும், அதுவும் தனிப்பாட்டு இல்லை, ஜோடியாக இருந்தபோது வந்தது: 1970இல் வெளியான 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்'. எழுதியவர் சைமன், பாடியவர் அவருடைய ஜோடி ஆர்ட் கார்ஃபங்கல். கவனித்துக் கேளுங்கள், கடைசிச் சரணம் வரை சைமனின் குரலே வராது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து பாட ஆரம்பித்து, 1957இல் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் ஒரு சின்ன ஹிட் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த மாதிரி ஒரு குரலை விட்டுவிட்டு, புகழின் உச்சியில், அதே 1970இல் சைமன் தனியாகிறார். பக்கத்தில் இருந்த இடம் காலி. இனிமேல் ஒவ்வொரு ஆல்பத்திலும் அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடுத்து 1972 ஆல்பம், அவர் பெயரையே தலைப்பாக வைத்தது. அதன் முதல் பாட்டு 'மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்'. ஜோடியின் கடைசி ஆல்பத்திலேயே அமெரிக்கக் கலைஞர்களை வைத்து, ஜமைக்காவின் இசையான ரெகே சாயலில் ஒரு பாட்டு செய்து பார்த்திருந்தார், அது சரியாக வரவில்லை என்று அவருக்கே பட்டது. சரி, ரெகே வாசிப்பவர்களிடமே போவோம் என்று ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இசையை முதலில் பதிவு செய்துகொண்டு, ஊர் திரும்பிய பிறகுதான் வரிகளை எழுதினார். தலைப்பு, ஒரு சீன உணவகத்தின் மெனுவில் பார்த்த பதார்த்தத்தின் பெயர்: கோழியும் முட்டையும் ஒரே தட்டில், தாயும் பிள்ளையும் சேர்ந்த மாதிரி. மெட்டுக்கு வரி எழுதுவது நம் சினிமாவில் அன்றாட வேலை. ஆனால் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு வரியையும் மெட்டையும் சேர்த்தே உருவாக்கிப் பழகிய ஒருவருக்கு இது தலைகீழ் வித்தை. 14 வருடம் கழித்து வரப்போகும் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

1973 ஆல்பத்தில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊர்க் கலைஞர்களும் டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் என்ற காஸ்பெல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) குழுவும் வருகிறார்கள். அதில் 'அமெரிக்கன் ட்யூன்' பாட்டை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள், ஜெர்மன் இசைமேதை பாக் தன் தேவாலய இசையில் எடுத்தாண்ட ஒரு பழைய மெட்டின் மேல் கட்டியது.

1975இல் வந்த 'ஸ்டில் கிரேஸி ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்' ஆல்பத்துக்கு ஹெட்ஃபோன் கட்டாயம். '50 வேஸ் டு லீவ் யுவர் லவர்' பாட்டின் தொடக்கத்தில் வருவது ஸ்டீவ் காட் வாசிக்கும் டிரம்ஸ். சரணத்தில் ராணுவ அணிவகுப்பு போல நறுக்கென்று உருளும், பல்லவி வந்ததும் அதே கைகள் சாதாரண ராக் தாளத்துக்கு இறங்கி உடம்பைத் தளர்த்திவிடும். அந்த மாறும் இடத்தை நாலைந்து தடவை பின்னால் தள்ளிக் கேளுங்கள். பாட்டு எழுதிப் பழகுகிறவர்களுக்கு இன்னொன்று: இந்தக் காலகட்டத்தில் சைமன், ஒரு பாட்டில் 12 ஸ்வரங்களில் எவற்றை இன்னும் தொடவில்லை என்று பார்த்து, அவற்றைக் கொண்டு நடுப்பகுதியை அமைத்ததாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மெட்டில் இதைச் செய்து பாருங்கள், நிஜமாகவே வழி திறக்கும்.

1980 ஆல்பத்தை இப்போதைக்கு விடலாம். ஆனால் 1983இல் வந்த 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்' ஆல்பத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். 1981இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஜோடி மறுபடி சேர்ந்து பாடியபோது சுமார் 5 லட்சம் பேர் கூடினார்கள். அந்தச் சூட்டில் இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் என்று வேலை ஆரம்பித்தது. கார்ஃபங்கல் பாடியும் கொடுத்தார். கடைசியில் இவை என் சொந்த வாழ்க்கையைப் பற்றிய பாட்டுகள் என்று சொல்லி சைமன் அந்தக் குரலை முழுவதும் அழித்துவிட்டுத் தனியாக வெளியிட்டார். ஆல்பம் விற்கவில்லை. எனக்கு அந்த முடிவில் கொஞ்சம் கொடுமை இருப்பதாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் தலைப்புப் பாட்டைக் கேட்கும்போது வேறு யாரும் அதைப் பாடியிருக்க முடியாது என்றும் படுகிறது.

இப்போது 'கிரேஸ்லேண்ட்', 1986. முந்தைய ஆல்பம் படுத்துவிட்டது, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்க இசை கொண்ட ஒரு கேசட் கைக்கு வருகிறது. 1985இல் ஜோகன்னஸ்பர்க் போய் அங்குள்ள கலைஞர்களோடு வாசித்துப் பதிவு செய்துகொண்டு வருகிறார், வரிகள் எல்லாம் பிறகுதான். முதல் தடவை கேட்கும்போது சைமனின் குரலை மறந்துவிட்டு தென்னாப்பிரிக்கக் கலைஞர் பகிதி குமாலோவின் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். 'யூ கேன் கால் மீ அல்' பாட்டில் தனியாக ஒரு பேஸ் துள்ளல் வரும், அதன் முதல் பாதி அவர் வாசித்தது, மறு பாதி அதே நாடாவைத் திருப்பி ஓட்டியது. இரண்டாவது தடவை வரிகள். மூன்றாவது தடவை 'ஹோம்லெஸ்': லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற தென்னாப்பிரிக்கப் பாடகர் குழு, வாத்தியமே இல்லை, ஜூலு மொழியும் ஆங்கிலமும் கலந்து வெறும் குரல்கள். ஒரு கார்ஃபங்கல் இருந்த இடத்தில் ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதன் அரசியலையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். அப்போது தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி, ஐநாவின் கலாசாரப் புறக்கணிப்பு இருந்தது, அதை மீறினார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. கலைஞர்களுக்கு நியூயார்க் இசைக்கலைஞர் சங்கக் கூலியைப்போல மூன்று மடங்கு கொடுத்தார், நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் 1987இல் அவரோடு மேடை ஏறினார்கள். இருந்தாலும், போராடிக்கொண்டிருந்தவர்களிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும் என்ற கோபம் நியாயமானதுதான் என்பது என் கருத்து.

அதற்கப்புறம் 1990 ஆல்பத்தில் பிரேசிலின் ஒலோடும் குழுவின் முரசுகள், சால்வடார் நகரத் தெருவில் வைத்துப் பதிவு செய்தவை. 2011 ஆல்பத்தில் 'டேஸ்லிங் ப்ளூ' பாட்டில் இந்தியத் தாள வாத்தியங்கள், நம் காதுக்கு உடனே தட்டுப்படும்.

கடைசி நாளுக்கு 2023இல் வந்த 'செவன் சாம்ஸ்'. அப்போது அவருக்கு 81 வயது, இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடது காது கேட்காமல் போனது. 33 நிமிடம், ஒரே பாட்டாக ஓடும், இடையில் நிறுத்தாதீர்கள், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கிதாரும் வயதான குரலும்தான். முடியப்போகும் நேரத்தில் ஒரு பெண் குரல் அவரோடு வந்து சேரும். அது அவருடைய மனைவி ஈடி பிரிக்கெல்.