கீபோர்டு செய்யப் போகிறீர்களா? முதலில் ஃபர்ம்வேரை முடிவு செய்யுங்கள்

எந்த சுவிட்ச், எந்த கீகேப், எந்த கேஸ் என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட ஃபர்ம்வேரை, அதாவது கீபோர்டின் சிப்பில் ஓடும் மென்பொருளை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என் முதல் கீபோர்டில் நானும் அதைத்தான் செய்தேன். கையில் கிடைத்த கன்ட்ரோலரை (கீபோர்டின் மூளையாக இருக்கும், சிப் பதித்த சின்ன போர்டு) வைத்து 60 சுவிட்சையும் சாலிடர் செய்து முடித்த பிறகுதான் அதில் புளூடூத் கிடையாது என்பது உறைத்தது. அதைக் கழற்ற 24 கால்களிலும் ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலோடு போர்டில் இருந்த செம்பு வளையமும் பெயர்ந்து வந்துவிட்டது.

அதனால் இந்த வரிசையில் போகலாம்: முதலில் ஃபர்ம்வேர், பிறகு அது ஓடக்கூடிய கன்ட்ரோலர், மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபர்ம்வேர் என்ன வேலை செய்கிறது?

60 விசைகளுக்குக் கன்ட்ரோலரில் 60 பின்கள் (இணைப்புக் கால்கள்) தேவையில்லை. விசைகளை 5 வரிசை, 12 நிரல் என்று கட்டம் போட்டு இணைத்தால் 17 பின்கள் போதும். ஃபர்ம்வேர் இந்தக் கட்டத்தை ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் தொடர்பு விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினால் அழுத்தாத விசை அழுத்தியதுபோல் தெரியக்கூடாது. அதற்காகத்தான் சுவிட்சுக்கு ஒரு டயோடு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்.

சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு அழுத்தும்போது ஒருமுறை தொட்டு நின்றுவிடாது, சில மில்லி விநாடிகள் துள்ளும். அந்தத் துள்ளலைப் பொறுத்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்தை அனுப்புவதும் ஃபர்ம்வேரின் வேலைதான்.

இன்னொன்று, பலர் கேட்பது: தமிழ் தட்டச்சுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டாம். கீபோர்டு அனுப்புவது விசையின் எண்ணை மட்டுமே. அதை 'அ' ஆக்குவதா 'ய' ஆக்குவதா என்பதைக் கணினியில் நீங்கள் வைத்திருக்கும் தமிழ்99 போன்ற அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

முதல் படி: கம்பியா, கம்பியில்லாமலா?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

கம்பியில்லாமல் வேண்டும் என்றால் இசட்எம்கே என்ற ஃபர்ம்வேர். ஸெஃபிர் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது, பேட்டரியை மிச்சப்படுத்துவதை ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்து எழுதப்பட்டது. என்ஆர்எஃப் 52840 சிப் உள்ள கன்ட்ரோலர் வாங்குங்கள், நைஸ்நானோ அந்த வகை. இரண்டு துண்டாகப் பிரிந்த கீபோர்டு என்றால் துண்டுகளுக்கு நடுவிலும் கம்பி வேண்டாம். கணினி, போன், டேப்லெட் என்று 5 கருவிகள் வரை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு விசையில் மாறிக்கொள்ளும்.

பேட்டரி வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரிகளின் இணைப்பியில் சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் வரும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள், தலைகீழாகப் போனால் போர்டு போய்விடும்.

இரண்டாம் படி: கம்பி போதும் என்றால்

தயங்காமல் க்யூஎம்கே என்ற ஃபர்ம்வேர். டிஎம்கே என்ற பழைய ஃபர்ம்வேரிலிருந்து கிளைத்து வளர்ந்தது. ஒரே விசையைத் தட்டினால் ஒன்று, பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொன்று. இரண்டு விசை சேர்த்து அழுத்தினால் மூன்றாவது. லேயர் (அதே விசைகளுக்கு இன்னோர் அடுக்கு வேலைகள்), மேக்ரோ (ஒரே விசையில் பல அழுத்தங்கள்), திருகு குமிழ், குட்டித் திரை. நீங்கள் யோசிப்பது பெரும்பாலும் அதில் ஏற்கெனவே இருக்கும்.

ஆனால் சிப்பைப் பாருங்கள். ப்ரோ மைக்ரோ வகை கன்ட்ரோலர்களில் இருக்கும் ஏடிமெகா 32யு4 சிப்பில் மொத்த இடமே 32 கேபி. ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் பூட்லோடர் என்ற சிறு நிரல் 4 கேபி எடுத்துக்கொண்டது போக 28,672 பைட் மிஞ்சும். திரையும் விளக்குகளும் சேர்த்தால் நீங்கள் எழுதியதை சிப்பில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், இடம் போதவில்லை என்று நின்றுவிடும். பிறகு எதை வெட்டுவது என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் ஆர்பி 2040 சிப் உள்ள போர்டாக வாங்குங்கள், இந்த நெருக்கடியே வராது.

வயா, வயல் என்ற பெயர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றை க்யூஎம்கேவுக்குப் போட்டி என்று நினைத்துக் குழம்புகிறார்கள். வயா ஒரு செயலி, க்யூஎம்கேயில் அதற்கான வசதியைச் சேர்த்துக் கம்பைல் செய்துவிட்டால் குரோம் போன்ற உலாவியில் திறந்து விசைகளை அப்போதைக்கப்போதே மாற்றலாம். வயல், க்யூஎம்கேயின் ஒரு கிளை. உங்கள் கீபோர்டின் அமைப்பு விவரத்தை கீபோர்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால், கையால் கம்பி கட்டிச் செய்யும் கீபோர்டுக்கு எனக்கு அதுதான் பிடித்தம். இசட்எம்கே பக்கமும் 2024இல் இதேபோன்ற ஸ்டூடியோ வந்துவிட்டது.

பைத்தான் மட்டும்தான் தெரியும் என்பவர்களுக்கு கேஎம்கே என்ற ஃபர்ம்வேர். சின்ன சிப்களுக்கான பைத்தானான சர்க்யூட்பைத்தான் மேல் ஓடுகிறது. கீபோர்டு ஒரு பென்டிரைவ் போலத் தெரியும், கோப்பைத் திருத்திச் சேமித்தால் அடுத்த நொடி அமலுக்கு வரும். கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் ஏடிமெகா 32யு4இல் ஓடாது.

மூன்றாம் படி: சாலிடர் வைக்கும் முன் ஒத்திகை

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சுவிட்ச் எதுவும் இல்லாமல், கன்ட்ரோலரை மட்டும் மேசையில் வைத்துச் செய்ய வேண்டியது.

எந்தப் பின் வரிசை, எந்தப் பின் நிரல், டயோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். க்யூஎம்கே என்றால் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யலாம். இசட்எம்கே என்றால் கோப்பை கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஏற்றினால் போதும், அதுவே கம்பைல் செய்து தந்துவிடும்.

ஏற்றும்போது, ஆர்பி 2040 போர்டில் பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். ஒரு டிரைவ் திறக்கும், கம்பைல் செய்து கிடைத்த யுஎஃப்2 கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். டிரைவ் சட்டென்று மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், ஏறிவிட்டது என்று அர்த்தம். நைஸ்நானோவில் இதேபோல டிரைவ் திறக்க ரீசெட்டை வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டும்.

இப்போது ஒரு எழுத்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கம்பித் துண்டால் முதல் வரிசைப் பின்னையும் முதல் நிரல் பின்னையும் தொடுங்கள். திரையில் ஓர் எழுத்து விழும். அந்தக் கம்பிதான் உங்கள் முதல் சுவிட்ச். இதே மாதிரி எல்லா நிரல்களையும், பிறகு எல்லா வரிசைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பின் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இந்த ஒத்திகை சரியாக இருந்துவிட்டால், சாலிடர் முடித்த பிறகு வரும் கோளாறைத் தேடுவது எளிது. ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லையா? அந்த சுவிட்சின் சாலிடரையோ டயோடையோ பாருங்கள். ஒரு வரிசை முழுவதும் செத்துக் கிடந்தால் அந்த வரிசையின் கம்பி. மொத்தமும் அசைவில்லை என்றால் அமைப்புக் கோப்பில் டயோடின் திசையை மாற்றி எழுதி மறுபடி ஏற்றிப் பாருங்கள். டயோடின் உடலில் இருக்கும் கறுப்புக் கோடுதான் மின்சாரம் வெளியேறும் பக்கம்.

கேஸை மூடி ஆணி முறுக்கும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும். இரண்டாவது லேயரில் ஏதாவது ஒரு மூலை விசைக்கு, கீபோர்டை ஃபர்ம்வேர் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும் பூட் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கீமேப்பை, அதாவது எந்த விசைக்கு எந்த வேலை என்பதை, மாற்ற ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டியதில்லை.