சென்னையில் கார் ஓட்டப் போகிறீர்களா? இன்சூரன்ஸ் பேப்பரை முதலில் பிரித்துப் பாருங்கள்

யாழ்ப்பாணம், கோலாலம்பூர், லண்டன் என்று எங்கிருந்து சென்னைக்குக் குடிவந்தாலும், கொஞ்ச நாளிலேயே ஒரு கார் கைக்கு வந்துவிடும். சித்தப்பா வீட்டு வண்டி சும்மா நிற்கும். இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது பழைய வண்டியைத் தள்ளிவிடக் காத்திருப்பார். சாவியைக் கொடுக்கும்போது, "எல்லா பேப்பரும் டேஷ்போர்டுலயே இருக்கு" என்பார்கள். திறந்து பார்த்தால் பழைய சர்வீஸ் பில்களுக்கு நடுவே காலாவதியான பாலிசி ஒன்று மடித்துக் கிடக்கும். பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

போலீஸ் கேட்பது நான்கு: லைசென்ஸ், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட். வெள்ளைச் சட்டை போட்ட டிராபிக் போலீஸ் ஓரங்கட்டச் சொன்னால் பதற வேண்டாம். அவர் கையிலிருக்கும், அபராதம் போடும் இ-சலான் கருவியில் வண்டி நம்பரைத் தட்டினாலே இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 2018-லேயே மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்-பரிவாஹன் ஆப்பிலோ இருப்பது செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைக் காட்டி நடுரோட்டில் வாதாடாதீர்கள்.

புதிதாக வந்தவருக்கு இதில்தான் சிக்கல். டிஜிலாக்கரில் வண்டிப் பேப்பர்களை எடுக்க ஆதார் வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கிய பிறகுதான் ஆதார். அதுவரை பாலிசியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வண்டியிலேயே வையுங்கள். கலர் எல்லாம் வேண்டாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உண்மையான செலவு சலானில் இல்லை. போலீஸ் பார்த்துச் சரி என்று அனுப்பிய பாலிசியே, வண்டி அடிபட்டதும் கையை விரிக்கலாம்.

எப்படி என்றால், பாலிசியின் முதல் பக்கத்தில் காலவரம்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இரண்டு தேதிகள் இருக்கிறதா பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். அதே தாளில் சொந்த வண்டிச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி பெரும்பாலும் ஒரே வருடம்தான். தேர்ட் பார்ட்டி தேதி ஓடிக்கொண்டிருப்பதால் போலீசுக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் அபார்ட்மெண்ட் தூணில் இடித்தால் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் உங்கள் பணம்.

பழைய கார் வாங்கினால் இன்னும் கவனம். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறினால் போதாது, பாலிசியும் மாற வேண்டும். 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பகுதி வண்டியோடு தானாக வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது. வண்டியை விற்றவர் பெயரிலேயே பாலிசி கிடந்தால் கிளெய்ம் நிற்காது. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் அவருடையதுதான், உங்களுக்கு வராது. "அதெல்லாம் ரினியூவல் அப்போ பாத்துக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். அவருக்கென்ன, கமிஷன் வாங்கியாகிவிட்டது.

சித்தப்பா வண்டியை அவர் சம்மதத்தோடு ஓட்டலாம், இன்சூரன்ஸ் வண்டியைச் சேர்ந்தது. ஆனால் உங்களிடம் செல்லுபடியான லைசென்ஸ் வேண்டும். இன்டர்நேஷனல் பெர்மிட்டின் ஆயுள் ஒரு வருடம். அது முடிவதற்குள் ஆர்டிஓ (வட்டாரப் போக்குவரத்து) ஆபீஸுக்குப் போய் உள்ளூர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கப் பார்க்கும். கேஸ் சித்தப்பா தலையில் விடியும்.

வாடகைக்கு எடுப்பதானால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்துள்ள செல்ஃப் டிரைவ் வண்டியாகப் பார்த்து எடுங்கள். தெரிந்தவரின் ஒயிட் போர்டு (சொந்த உபயோக) வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பது இங்கே சகஜம், மலிவும்கூட. ஆனால் தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதியே இருக்கும்.

மழைக்காலத்துக்கு முன், பாலிசியில் கூடுதலாகச் சேர்க்கும் என்ஜின் புரொடெக்‌ஷன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி தராது. மழை எச்சரிக்கை வந்ததும் மழைக்குத் தண்ணீர் தேங்கும் வேளச்சேரியில் இருப்பவர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துவது சும்மா இல்லை.

எங்காவது இடித்துக்கொண்டால், எதிராளி "ஐநூறு குடுத்துட்டு போங்க சார்" என்பார். வெறும் கீறலென்றால் பேசி முடிப்பதே லாபம். ஆளுக்கு அடிபட்டிருந்தால் பேச்சே கிடையாது: 108 ஆம்புலன்ஸை அழையுங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள், வண்டியை நகர்த்துவதற்குள் போட்டோ எடுங்கள், அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுங்கள். விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் பார்க்கும். பாலிசி நகல் ஒன்றை அங்கேயும் கேட்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் விட்ட பிறகு, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்காமல் பம்பரைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.